நீல நாடாவும் நிறக் கோடும்



வெளிர்நீலப் பட்டு நாடா ஒன்று. அதன் நடுவே பதின்மூன்று வெண்ணிற விண்மீன்கள். நாடாவின் கீழே ஒரு நங்கூரம். அந்த நங்கூரத்திலே தொங்கும் ஐந்துமுனை விண்மீன். அமெரிக்க நாடு தன் போர் வீரர்களுக்கு அளிக்கும் பதக்கங்கள் பலப்பல. அவற்றுள் இதற்கு மேற்பட்டது வேறொன்றில்லை. ‘மெடல் ஆஃப் ஆனர்’ என்பது அதன் பெயர். மானப் பதக்கம் என்போம் நாம்.

1968-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் நாள். வாஷிங்டன் நகரத்து மரைன் படைப் பாசறை. கடற்படைத் துறைச் செயலாளர் பால் இக்னேஷியஸ் அந்தப் பதக்கத்தை நீட்டுகிறார். வாங்கிக்கொள்ள வந்திருப்போர் இருவர். ஒரு தந்தை, ஒரு தாய். அணிந்துகொள்ள வேண்டியவன் வரவில்லை. அவன் மண்ணுக்குள் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உருண்டோடிவிட்டது.

ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பது அவன் பெயர். தந்தையின் பெயரும் அதுவே ஆகையால், இளைய ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஏடுகளிலே குறித்தனர். மாண்டபோது வயது 20. மரைன் படையின் வரலாற்றிலே மானப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின வீரன்.

முதல் வீரன்! சொல்லும்போது இனிக்கிறது, சிந்திக்கும்போது கசக்கிறது. 1775-ஆம் ஆண்டிலே பிறந்ததாகப் பெருமை பேசும் படை அது. கப்பலேறிச் சென்று, கரையிறங்கிப் போரிட்டு, கண்டம் பல கண்ட படை. இருநூறு ஆண்டுகளை எட்டிப் பிடிக்கப்போகும் வேளையில்தான் அங்கே ஒரு கறுப்பு மார்பு பதக்கத்துக்குத் தகுதி பெற்றது என்றால், குறை அந்த மார்பிலா? அதைப் பார்க்க மறுத்த கண்ணிலா? அதைத்தான், தோழனே, இன்று உன்னோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

முதலில் அவன் செய்தது என்ன என்பதைக் கேள்.

1967-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள். வியட்நாமின் வடக்கையும் தெற்கையும் பிரித்து நின்ற எல்லைக்கு அண்மையில் இருப்பது குவாங் திரி மாநிலம். அங்கே காம் லோ எனும் ஊர். ஊருக்கு வடமேற்கே அடர்ந்த காடு. வேவு பார்க்கச் சென்ற மரைன்கள் சிலர் அக்காட்டுக்குள்ளே பகைவரால் சூழப்பட்டுத் தத்தளிக்கின்றனர். அவர்களை மீட்க ஓர் அணி கிளம்புகிறது. அணிக்கு முன்னணியிலே செல்லும் பிரிவில் துப்பாக்கி ஏந்தி நடக்கிறான் ஆண்டர்சன். வியட்நாம் மண்ணில் அவன் கால் வைத்து மூன்று திங்கள்கூட நிறையவில்லை.

200 மீட்டர் சென்றிருப்பார்கள். காடு சீறுகிறது! துப்பாக்கிகள் சடசடவென்று முழங்குகின்றன. வீரர்கள் தரையோடு தரையாகப் படுக்கின்றனர். ஒருவரையொருவர் ஒட்டி, உடலோடு உடல் நெருங்கிக் கிடக்கின்றனர். பகைவர் பதுங்கியிருக்கும் இடமோ வெறும் 20 மீட்டர் தொலைவு. பலர் குண்டடிபட்டு விழுகின்றனர். அந்த வேளையில் கையெறி குண்டு ஒன்று பறந்து வந்து அவர்கள் நடுவே விழுகிறது, உருள்கிறது, ஆண்டர்சனின் தலையருகே வந்து நிற்கிறது.

எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு நொடி? இரண்டு நொடி? எழுந்து ஓடலாம். உருண்டு விலகலாம். அருகிலிருப்பவனின் உடலையே கேடயமாக்கிக்கொள்ளலாம். உயிரச்சம் கொண்டவன் அப்படிச் செய்தால் உலகம் அவனைக் கடிந்துகொள்ளவும் செய்யாது. ஆனால் ஆண்டர்சன் கையை நீட்டினான். குண்டைப் பற்றினான். மார்போடு சேர்த்து அணைத்தான். அதைச் சுற்றித் தன் உடலைச் சுருட்டிக்கொண்டான். குண்டு வெடித்தது. அருகிலிருந்த சிலர் மீது சில்லுகள் தெறித்தன. வெடியின் வலிமை முழுவதையும் அந்த இருபது வயது உடல் தனக்குள்ளே வாங்கிக்கொண்டது. தோழர்கள் பிழைத்தனர், அவன் பிழைக்கவில்லை.

போர்க்களத்திலே முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றும் மொழி நம்முடையது. தேடி வந்து தாக்கிய வேலை ஏற்றவனுக்கே அந்தச் சிறப்பு என்றால், உருண்டு வந்த சாவைத் தானே எட்டி எடுத்து மார்பில் வைத்துக்கொண்டவனுக்கு எந்தச் சொல்லைச் சூட்டுவது? சொல் இல்லை, தோழனே! அந்த இளைஞனின் வீரத்துக்கு முன்னே தலை வணங்குவோம். வணங்கிய தலையை நிமிர்த்திய பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்போம்.

அவன் யார்? லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலே 1947 சனவரி 22-இல் பிறந்தவன். பள்ளிப் படிப்பை முடித்து, அந்நகரின் ஹார்பர் கல்லூரியில் ஒன்றரை ஆண்டு பயின்றவன். 1966 பிப்ரவரியில் மரைன் படையில் சேர்ந்தவன். அவன் சேர்ந்த அந்தப் படைக்கும், அவன் விட்டுச் சென்ற அந்த ஊருக்கும் ஒரு கதை உண்டு. படையின் கதையை முதலில் சொல்கிறேன்.

1798-ஆம் ஆண்டிலே மரைன் படை சட்டப்படி அமைக்கப்பட்டபோது, கறுப்பரைச் சேர்க்கலாகாது என்று ஆணை பிறந்தது. அந்தக் கதவு எத்தனை ஆண்டு மூடிக் கிடந்தது தெரியுமா? 144 ஆண்டுகள்! அடிமைகளை விடுவிக்க உள்நாட்டுப் போர் நடந்தது, கதவு திறக்கவில்லை. முதல் உலகப் போர் மூண்டு முடிந்தது, கதவு திறக்கவில்லை. 1942-இல்தான் திறந்தது.

தானாகத் திறந்ததா? அல்ல! இரயில் வண்டிகளிலே பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளரின் சங்கத்தை அமைத்தவர் ஃபிலிப் ராண்டால்ஃப். 1941-ஆம் ஆண்டில், போர்த் தொழிற்சாலைகளிலும் படையிலும் எம்மவர்க்கு இடமில்லையெனில் பெரும்படையாகத் திரண்டு வாஷிங்டன் நோக்கி நடப்போம் என்று அவர் அறிவித்தார். அறிவிப்பு வெள்ளை மாளிகையை உலுக்கியது. அந்த ஆண்டு ஜூன் 25-இல் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் ஆணையில் கையெழுத்திட்டார். போர்த் தொழில்களிலும் அரசுப் பணியிலும் நிற வேற்றுமை கூடாது என்றார். அதன் பின்னரே மரைன் படையின் தாழ்ப்பாள் அசைந்தது. கெஞ்சியவர்க்குத் திறவாத கதவு, கிளர்ந்தெழுந்தவர்க்குத் திறந்தது!

திறந்த கதவின் உள்ளேயாவது சமநிலை இருந்ததா? வட கரோலினா மாநிலத்திலே லெஜூன் என்பது மரைன் படையின் மாபெரும் முகாம். அதன் ஓரத்தில், மான்ட்ஃபர்டு பாயிண்ட் எனும் இடத்தில், கறுப்பினத்தார்க்கென்று தனி முகாம் அமைத்தனர். வெள்ளைக்கார மரைன் ஒருவர் உடன் வந்தாலன்றிப் பெரிய முகாமுக்குள்ளே அவர்கள் நுழையக் கூடாது. ஒரே சீருடை, ஒரே கொடி, ஒரே உறுதிமொழி. ஆயினும் வாயில் வேறு! 1942 முதல் 1949 வரை ஏறத்தாழ 20,000 கறுப்பின இளைஞர் அந்த முகாமிலே பயின்றனர். 1944-இல் சைப்பான் தீவின் கரையிலும், 1945-இல் இவோ ஜிமாவின் கரையிலும், குண்டு மழைக்கு நடுவே வெடிமருந்து சுமந்தனர். தேவைப்பட்டபோது துப்பாக்கியும் ஏந்திப் போரிட்டனர்.

பதக்கம் வந்ததா? இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய கறுப்பினத்தார் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அப்போரின் வீரத்துக்காக நானூறுக்கும் மேற்பட்ட மானப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. போர் முடிந்த காலத்தில் அவற்றுள் ஒன்றேனும் கறுப்பினத்தான் மார்பை அடையவில்லை. ஒன்றுகூட இல்லை! அரை நூற்றாண்டு கடந்த பின், 1997 சனவரி 13-இல், குடியரசுத் தலைவர் கிளிண்டன் ஏழு கறுப்பின வீரர்க்கு அப்பதக்கத்தை அளித்தார். ஏழு பேரில் அன்று உயிரோடிருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. மான்ட்ஃபர்டு பாயிண்ட் மரைன்களுக்குக் காங்கிரசின் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது 2012-இல். முகாம் திறந்து எழுபது ஆண்டு கழித்து! வாடிய பயிருக்கு, அறுவடைக் காலம் முடிந்தபின் வார்த்த நீர் அது.

1948 ஜூலை 26-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைகளில் எல்லா நிறத்தார்க்கும் சமவாய்ப்பு என்று ஆணையிட்டார். அதன் வழியே சிறுகச் சிறுகக் கோடுகள் அழிந்தன. அதனால்தான் 1967-இல் காம் லோ காட்டிலே ஆண்டர்சன் மற்றவரோடு ஒட்டிக் கிடக்க முடிந்தது. எண்ணிப் பார்! அந்த ஆணை பிறந்த நாளில் ஆண்டர்சன் ஒன்றரை வயதுக் குழந்தை. குழந்தை வளர்ந்து, கல்லூரி கண்டு, துப்பாக்கி தூக்கியபோது அவனுக்கென்று தனி முகாம் இல்லை. அந்த ஒன்றை ஒப்புக்கொள்வோம். நல்லது நடந்த இடத்தில் நல்லது என்போம்.

இனி, ஊரின் கதை.

அவன் கல்லூரிப் பருவத்தை எட்டிய வேளையில் கலிஃபோர்னியா மாநிலம் என்ன செய்தது? வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று 1963-இல் அம்மாநிலத்திலே ஒரு சட்டம் வந்தது. வந்த சட்டத்தை வீழ்த்த, 1964 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தினர். ‘பதினான்காம் முன்மொழிவு’ என்பது அதன் பெயர். எனக்குப் பிடிக்காத நிறத்தானுக்கு என் வீட்டைத் தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை வேண்டும் என்பதுதான் அதன் சாரம். வாக்களித்தவருள் மூன்றில் இரு பங்கினரை ஒட்டி அதற்கு ஆதரவு தந்தனர்! அடிமைத்தனம் ஆழ வேரூன்றிய தென்மாநிலம் அன்று, அது. திரைப்படத் தலைநகர் ஒளிவீசும் கலிஃபோர்னியா!

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், ஆண்டர்சன் பிறந்த அதே லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதி தீப்பற்றி எரிந்தது. காவலர் ஒருவர் கறுப்பின இளைஞன் ஒருவனைக் காருடன் நிறுத்திக் கைது செய்ததிலே தொடங்கிய சச்சரவு, ஆறு நாள் கலவரமாக மூண்டு, 34 உயிர்களைக் குடித்தது. அந்தப் புகை அடங்கி ஏறத்தாழ ஆறு திங்களில் ஆண்டர்சன் படையில் சேர்ந்தான்.

பதினான்காம் முன்மொழிவு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது? 1967 மே 29-இல். ஆண்டர்சன் மாண்டு மூன்று திங்கள் ஆன பிறகு! அதுவும் ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டிலே! புரிகிறதா, தோழனே? காம் லோ காட்டிலே தோழர்களின் உயிருக்குத் தன் மார்பை வேலியாக்கிய நாளில், அவன் பிறந்த மாநிலத்தில் அவனுக்கு வீடு மறுக்கும் உரிமைக்காகச் சிலர் நீதிமன்றத்திலே வாதாடிக் கொண்டிருந்தனர். பகைவனுடைய குண்டிலிருந்து காக்க அவன் உடல் வேண்டும். பக்கத்து வீட்டில் அந்த உடல் குடியிருக்கக் கூடாது! இதைவிடப் பெரிய நன்றிக்கேடு நாடகத்திலே வந்தால்கூட, மிகைப்படுத்திவிட்டான் ஆசிரியன் என்பார்கள் அவையோர்.

இவ்வளவும் அறிந்தபின் இரு சாரார் இரு விதமாகப் பேசுவர். இரண்டையும் கேட்டுவிடு.

ஒரு சாரார் கூறுவர்: “பார்த்தீர்களா எங்கள் நாட்டின் பெருமையை! கறுப்பினத்தானுக்கும் உயர்ந்த பதக்கம் அளித்தோம். கப்பலுக்கு அவன் பெயரைச் சூட்டினோம். இனியும் குறை கூறலாமோ?”

மறு சாரார் கூறுவர்: “அநியாயப் போரிலே, அடிமைப்படுத்திய நாட்டுக்காக உயிரை விட்டவன். ஏமாந்தவன். அவன் சாவிலே போற்ற என்ன இருக்கிறது?”

முன்னவர் வாதம் வணிகனின் வாதம். வீரத்துக்குப் பதக்கம் தருவது ஒரு கணக்கு; மனிதனுக்கு உரிமை தருவது வேறு கணக்கு. ஒன்றின் வரவை மற்றதன் செலவில் கழிக்க எந்தக் கணக்கனாலும் முடியாது. உரிமை, வீரனுக்கு மட்டும் உரியதா? பதக்கம் வாங்காதவனுக்கு வீடு இல்லையா? குண்டின் மேல் விழாதவனுக்குக் குடியுரிமை இல்லையா? சாகத் துணிந்தவனுக்குத்தான் சமத்துவம் என்றால், அது சமத்துவம் அன்று, தோழனே; கூலி! அதுவும், வாங்குபவன் உயிரோடில்லாத கூலி!

பின்னவர் வாதம் இரக்கமற்ற வாதம். போரைத் தொடங்கியவன் ஆண்டர்சன் அல்லன். 20 மீட்டருக்கு அப்பால் பகைவன், அருகிலே குண்டு, சுற்றிலும் தோழர்கள் என்ற அந்த நொடியிலே அவன் நாட்டின் கொள்கையை எடைபோடவில்லை. வாஷிங்டனின் திட்டத்தை நிறைவேற்றவில்லை. தன் அருகே கிடந்த உயிர்களைக் காத்தான். போர் பொய்யாக இருக்கலாம். அந்தக் கை நீண்டது மெய்!

மரைன் படையைச் சேர்ந்த ஐந்து கறுப்பின வீரர்கள் வியட்நாம் போரிலே உயிர் ஈந்து மானப் பதக்கம் பெற்றனர். ஐவரில் ஒருவர்கூட அதை உயிரோடு அணியவில்லை. ஐவரும் எப்படி மாண்டனர் என்று பார்த்தால் உள்ளம் உருகும். 1967 பிப்ரவரியில் ஆண்டர்சன். அதே ஆண்டு செப்டம்பர் 6-இல் ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரைச் சேர்ந்த ராட்னி டேவிஸ், வயது 25. 1968 மார்ச் 5-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து ரால்ஃப் ஜான்சன், வயது 19. 1969 பிப்ரவரி 23-இல் டெக்சஸில் பிறந்த ஆஸ்கார் ஆஸ்டின், வயது 21. அடுத்த பத்தாம் நாள், மார்ச் 5-இல், ஃபுளோரிடாவின் ராபர்ட் ஜென்கின்ஸ், வயது 20. ஐவரும் குண்டுக்கும் தோழனுக்கும் இடையே தம் உடலைக் கொண்டுபோய் வைத்தவர்கள்!

எத்தனை பகைவரைக் கொன்றார்கள் என்பதற்காகப் பெற்ற பதக்கமல்ல, தோழனே, இவை. எத்தனை தோழரைக் காத்தார்கள் என்பதற்காகப் பெற்றவை. பிறர் உயிரைப் பறிக்கும் இடமாகிய போர்க்களத்திலே, பிறர்க்கு உயிர் ஈந்த பிள்ளைகள் இவர்கள். நாடு அவர்களுக்கும் பிறர்க்கும் இடையே கோடு கிழித்தது. அவர்களோ தம் உடலால் அந்தக் கோட்டை அழித்தனர்.

இதையும் எண்ணிப் பார். போரின் தொடக்க ஆண்டுகளான 1965, 1966-இல், களத்தில் மாண்ட அமெரிக்கருள் கறுப்பினத்தார் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தனர். நாட்டு மக்கள் தொகையிலோ அவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு! பள்ளியில் பின் இருக்கை, பேருந்தில் பின் இருக்கை, போர்க்களத்தில் மட்டும் முன் வரிசை! கண்டனக் குரல்கள் எழுந்த பின்னரே அந்த விகிதம் இறங்கியது.

எழுந்த குரல்களுள் இரண்டை நினைவூட்டுகிறேன். ஆண்டர்சன் மாண்டு ஐந்து வாரம் கழித்து, 1967 ஏப்ரல் 4-இல், நியூயார்க் நகரின் ரிவர்சைடு தேவாலயத்திலே மார்ட்டின் லூதர் கிங் பேசினார். சொந்த மண்ணிலே காணாத சுதந்திரத்தைக் கடல் கடந்த மண்ணிலே காக்க எம் இளைஞரை அனுப்புகிறீர்களே என்று கேட்டார். நண்பர் பலர் சினந்தனர், நாளேடுகள் ஏசின. சரியாக ஓராண்டில், 1968 ஏப்ரல் 4-இல், அவரைச் சுட்டுக் கொன்றனர். அவர் மாண்டு நான்கு திங்களுக்குப் பின்னர்தான் ஆண்டர்சனின் பெற்றோர் கையில் அந்த நீல நாடா வந்து சேர்ந்தது.

மற்றொருவர் முகம்மது அலி. குத்துச்சண்டையில் உலக வாகை சூடியவர். 1967 ஏப்ரல் 28-இல், ஆண்டர்சன் மாண்டு இரண்டு திங்கள் நிறைந்த அதே நாளில், ஹூஸ்டன் நகரிலே படையில் சேர மறுத்து நின்றார். பட்டத்தைப் பறித்தனர், ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தனர். 1971-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 2005-இல் நாட்டின் உயரிய சுதந்திரப் பதக்கத்தை அவர்க்கே சூட்டினர்!

போக மறுத்தவன் கோழை, போய் மாண்டவன் வீரன் என்பார் உண்டு. போக மறுத்தவன் அறிவாளி, போய் மாண்டவன் ஏமாளி என்பாரும் உண்டு. நான் இரண்டையும் ஏற்கேன். தன்னுடைய வாழ்வைப் பணயம் வைத்து ஒருவன் ‘மாட்டேன்’ என்றான். தன்னுடைய வாழ்வையே தந்து ஒருவன் தோழரைக் காத்தான். இருவரையும் அந்த நிலைக்குத் தள்ளிய ஆட்சியைக் கேட்காமல், இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நேர்மையாளர் செயலன்று.

மாண்டவனுக்காவது கோடு அழிந்ததா? அதையும் கேள். அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரத்தைச் சேர்ந்த கறுப்பின இளைஞன் ஒருவன், தரைப்படை வீரன், 1969-இல் வியட்நாமில் மாண்டான். ஊரிலுள்ள எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்திலே தன்னைப் புதைக்க வேண்டுமென்பது அவன் விருப்பம். தோட்டத்தார் மறுத்தனர், அது வெள்ளையர் துயிலும் இடமாம்! குடும்பத்தார் வேறிடத்தில் புதைத்துவிட்டு வழக்காடினர். நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1970 சனவரியில் அந்த உடலைத் தோண்டியெடுத்து, மக்கள் திரள் பின்தொடரச் சென்று, எல்ம்வுட்டிலே மீண்டும் புதைத்தனர். நாட்டுக்காக ஒருமுறை செத்தவன், தன் ஊரிலே ஆறடி மண் பெற இருமுறை புதைபட வேண்டியிருந்தது! பிணத்துக்கும் நிறம் பார்த்த மண்ணிலே பதக்கம் ஒளிவீசி என்ன பயன்?

இருளே முழுவதும் என்று நான் கூறவில்லை. மேக்கன் நகரத்து ராட்னி டேவிஸின் கல்லறை, புதர் மண்டிய பழைய தோட்டத்திலே கிடந்தது. அவனால் உயிர் பிழைத்த தோழர்கள் முதியவர்களாகித் தேடி வந்தனர். கண்டனர், கலங்கினர். நிதி திரட்டி, 2012-இல் நினைவுச் சின்னம் எழுப்பினர். வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதிய நம் முன்னோர் அந்தக் காட்சியைக் கண்டிருந்தால் தம் உறவினர் என்றே அவர்களைக் கொண்டிருப்பர். ஆண்டர்சன், டேவிஸ், ஜான்சன், ஆஸ்டின் ஆகியோர் பெயரைக் கப்பல்கள் தாங்கின. 1798-இல் எவர்க்குக் கதவை அடைத்தனரோ, அவர் பெயரைத் தாங்கிக் கப்பல்கள் கடலிலே சென்றன! காலம் அளித்த தீர்ப்பு அது.

வாஷிங்டனிலே 1982-இல் எழுப்பிய நினைவுச் சுவர் ஒன்றும் உண்டு. அதை வடிவமைத்தவர் சீனத்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான மாயா லின், அப்போது கல்லூரி மாணவி, வயது 21. பளபளக்கும் கருங்கல்லிலே, வியட்நாம் போரில் மாண்ட 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கரின் பெயர்கள். படைத்தலைவன் முன்னே, படைவீரன் பின்னே என்று அங்கில்லை. பதவி பொறிக்கவில்லை, நிறம் பொறிக்கவில்லை. மாண்ட நாளின் வரிசைப்படி பெயர். பெயருக்குப் பக்கத்தில் பெயர். வாழ்ந்தபோது கிடைக்காத வரிசை அது. காம் லோ காட்டிலே ஒட்டிக் கிடந்ததுபோல் கல்லிலே ஒட்டிக் கிடக்கின்றன பெயர்கள்.

அந்தச் சுவரிலே இடம்பெறாத பெயர்களும் உண்டு, தோழனே. அந்தக் குண்டை எறிந்தவனும் ஒரு தாயின் மகன். அவன் நின்றதோ தன் சொந்த மண்ணில். அப்போரிலே வீழ்ந்த வியட்நாம் வீரர் 11 இலட்சம், பொதுமக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் என்று 1995-இல் அந்நாட்டு அரசு கணக்கிட்டது. அத்தனை பேர்க்கும் சுவர் எழுப்புவதென்றால் எத்தனை மலைகளைப் பிளப்பது? ஆண்டர்சனைப் போற்றும் நாவு, அந்த மக்களை மறந்தால் அது போற்றுதல் ஆகாது, பறையடிப்பு ஆகிவிடும்.

ஆகவே, எப்படிப் போற்றுவது?

மாண்ட இளைஞனைப் போற்றுவது எளிது. அவன் பேசமாட்டான். வீடு கேட்கமாட்டான்; வேலை கேட்கமாட்டான்; வாக்குரிமை கேட்டு ஊர்வலம் வரமாட்டான். பெயரைப் பொறித்துப் பூ வைத்தால் அமைதியாக ஏற்றுக்கொள்வான். உயிரோடிருக்கும் இருபது வயதுக்காரனை மதிப்பதுதான் கடினம். அவன் நிமிர்ந்து பார்ப்பான், ‘ஏன்?’ என்பான். அவனுக்கு என்ன விடை தருகிறாய் என்பதை வைத்தே, மாண்டவனுக்கு நீ வைத்த பூ மணக்குமா நாறுமா என்று உலகம் அறியும்.

எந்நாடாயினும் சரி, எந்தக் கொடியாயினும் சரி, ஒரு தாயின் கையிலே பதக்கத்தை வைத்துப் படம் பிடிக்கும் காட்சியைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேள். இந்த மகனை அங்கே அனுப்பியது அறமா? அனுப்பியவர் தம் மகனையும் அனுப்பினரா? அவன் உயிரோடு திரும்பியிருந்தால், அவன் விரும்பிய தெருவிலே அவனுக்கு வீடு கொடுத்திருப்பார்களா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்ற விடை வந்தால் பதக்கம் பொன். வராவிட்டால், அது கடன்பட்டவன் எழுதிக்கொடுத்த சீட்டு. கடன் இன்னும் தீரவில்லை!

ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு நொடியிலே தன் கடமையை முடித்தான். அடுத்திருப்பவன் எவனாயினும் அவன் உயிர் என் உயிர் என்று காட்டிவிட்டுப் போனான். அதை மார்பிலே எழுதிக் காட்ட அவனுக்கு ஒரு குண்டு தேவைப்பட்டது. நமக்குக் குண்டு தேவையில்லை, தோழனே. அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும்.